ஒரே கிருமி, மூன்று சோதனை, ஒத்துவராத ரிப்போர்ட்: எதை நம்புவது?

அகார்தட்டு (திங்கள், இரவு 9.40)

வணக்கம். நேற்றிலிருந்து மண்டையைக் குடையும் விஷயம் ஒன்று.

ரத்தக் கல்ச்சரில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்தது. எங்கள் லேபில் சென்சிட்டிவிட்டி (எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற சோதனை) எல்லாம் இயந்திரத்தில்தான். ஆனாலும் கார்பாபெனெம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு டிஸ்க் பிளேட் (கிருமி பரப்பிய அகார் தட்டில் மருந்து வில்லை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையத்தை அளப்பது) போட்டு வைப்பது பழக்கம். இந்த முறை அந்த வகையில் ஒன்றான மெரோபெனெமுக்கு இயந்திரம் ‘எஸ்’ (மருந்து வேலை செய்யும்) என்றது, டிஸ்க் ‘ஐ’ (இடைப்பட்டது) என்றது. சந்தேகம் தீரட்டும் என்று ஒரு கிரேடியன்ட் ஸ்ட்ரிப் (மருந்தின் அடர்த்தி படிப்படியாக மாறும் பட்டை) வைத்தோம். அதைப் படித்தவர் ‘எஸ் பக்கம்தான்’ என்று எழுதிவிட்டு டியூட்டி முடிந்து போய்விட்டார். வார்டு டாக்டர் போனில், “கடைசியாக என்னதான் சொல்கிறீர்கள்?” என்கிறார்.

இரண்டு ஓட்டு எஸ், ஒரு ஓட்டு ஐ என்று எண்ணி அனுப்ப மனம் வரவில்லை. டிஸ்க் முறை பழையது, கையால் செய்வது, அதனால் அதுதான் தப்பு என்கிறார் என்னுடன் வேலை செய்பவர். மூன்றில் எதை நம்புவது? பேசாமல் டிஸ்கையே விட்டுவிடலாமா?

பிளேட்அக்கா (திங்கள், இரவு 10.05)

தம்பி, எல்லாம் எழுதினீர்கள், எண்ணை எழுதவில்லையே. வளையம் எத்தனை மி.மீ.? ஸ்ட்ரிப்பில் நீள்வட்டம் எந்தக் கோட்டில் வெட்டியது? இயந்திரம் எம்.ஐ.சி. (கிருமி வளராமல் தடுக்கும் குறைந்தபட்ச மருந்து அடர்த்தி) எவ்வளவு கொடுத்தது?

எஸ், ஐ, ஆர் (எதிர்ப்பு உள்ளது) என்பதெல்லாம் அளவு கிடையாது. அளந்த பிறகு ஒரு அட்டவணையைப் பார்த்துக் கொடுக்கும் தீர்ப்பு. மூன்று தீர்ப்பை வைத்துக்கொண்டு எந்த அளவுகோல் தப்பு என்று கேட்டால் எப்படிச் சொல்வது? நாளை காலை லேபுக்குப் போனதும் மூன்று எண்ணையும் போடுங்கள். அந்த அட்டவணை யாருடையது, எந்த வருடத்தது என்பதையும் சேர்த்து.

தானியங்கி (திங்கள், இரவு 10.30)

எண் வந்தாலும் என் பதில் மாறாது. இயந்திரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குழியையும் பார்க்கிறது. அதற்குத் தூக்கம் வராது, கை நடுங்காது. டிஸ்க்கில் ஒருவர் 20 என்பார், அடுத்தவர் 22 என்பார். ஸ்வாபை ஒருவர் அழுத்தித் தேய்ப்பார், இன்னொருவர் தடவிக்கொடுப்பார். 1966-இல் எழுதிய முறையை இன்னும் எத்தனை வருடம் இழுப்பது? எம்.ஐ.சி. என்பது எண், வளையம் என்பது நிழல். எண் இருக்கும்போது நிழலை ஏன் அளக்க வேண்டும்?

பிளேட்அக்கா (திங்கள், இரவு 11.15)

நிழல் என்று சொன்னது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிழலுக்கும் பொருளுக்கும் கணக்கு இருக்கிறது.

டிஸ்க்கிலிருந்து மருந்து அகாரில் பரவும்போது, தூரம் கூடக் கூட அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. அதே நேரத்தில் கிருமியும் பெருகிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு இடத்தில், மருந்து தடுக்க முடியாத அளவுக்குக் கிருமி பெருகிவிடுகிறது. அந்த இடம்தான் வளையத்தின் விளிம்பு. நூற்றுக்கணக்கான கிருமிகளுக்கு எம்.ஐ.சி.யும் வளையமும் இரண்டையும் அளந்து வரைபடத்தில் வைத்தால் புள்ளிகள் ஒரு சாய்கோடாக விழும்: எம்.ஐ.சி. ஏற ஏற வளையம் சுருங்கும். அட்டவணையில் இருக்கும் மி.மீ. எல்லைகள் அப்படி வந்தவைதான். பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் 1966-இல் செய்த பெரிய வேலை, ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டிருந்ததை எல்லோரும் ஒரே மாதிரி செய்யும்படி கட்டியதுதான். அதற்குப் பயன்படும் முல்லர்-ஹின்டன் அகார் இன்னும் பழசு, 1941. கொனோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் வளர்க்கச் செய்தது. கடைசியில் உலகம் முழுக்க சென்சிட்டிவிட்டிக்கு அதுவே நிலைத்தது.

கட்டுப்பாடு தளர்ந்தால் டிஸ்க் பொய் சொல்லும், அதை மறுக்கவில்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இது நடந்தது. க்யூசிக்கு (தரச் சோதனைக்கு) வைக்கும் ஈ. கோலை ஏடிசிசி 25922-க்கு ஜென்டாமைசின் வளையம் 19 முதல் 26 மி.மீ.க்குள் வர வேண்டும். எங்களுக்கு 22, 21, 20, 19 என்று இறங்கிக்கொண்டே வந்தது. ‘வரம்புக்குள்தானே’ என்று டிக் அடித்துக்கொண்டே போனோம். ஒரு நாள் 18. அன்றைக்குத்தான் பிளேட்டை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். அகார் தடிமன் 4 மி.மீ. இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 6 இருந்தது. 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. ஊற்றுவதற்குப் பதில், புதிதாக வந்தவர் கண்ணளவில் ஊற்றிக்கொண்டிருந்தார். தடிமன் கூடினால் மருந்து பக்கவாட்டில் போகாமல் கீழே இறங்கிவிடும், வளையம் சுருங்கும், நல்ல கிருமிக்கும் ஆர் முத்திரை விழும். தப்பு முறையில் இல்லை, எங்கள் கையில். எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கவில்லை.

அகார்தட்டு (செவ்வாய், காலை 8.50)

அக்கா, எண்கள் இதோ.

டிஸ்க் (மெரோபெனெம் 10 மைக்ரோகிராம்): 21 மி.மீ. சிஎல்எஸ்ஐ (அமெரிக்கத் தர அமைப்பு) அட்டவணை பார்த்து ‘ஐ’.
இயந்திரம்: எம்.ஐ.சி. 2, ‘எஸ்’.
ஸ்ட்ரிப்: 1.5. படித்தவர் பக்கத்தில், ‘2 தொடவில்லை, ஆகவே எஸ்’ என்று குறித்திருக்கிறார்.

இதை டைப் செய்யும்போதே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

குழி96 (செவ்வாய், காலை 9.30)

இருக்கத்தான் செய்யும். உங்கள் மூன்று சோதனையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன. எம்.ஐ.சி. சுமார் 2. சண்டை போடுவது அட்டவணைகள்.

முதலில் ஸ்ட்ரிப். அதில் 1, 1.5, 2 என்று இடைக்கோடுகள் இருக்கும். ஆனால் எல்லைகள் எல்லாம் இரட்டிப்பு வரிசையில் (0.5, 1, 2, 4) எழுதப்பட்டவை. இடைக்கோட்டில் வெட்டினால் மேலே உள்ள இரட்டிப்புக்கு ஏற்றிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 1.5 என்றால் 2. ‘2 தொடவில்லை’ என்ற வாதம் செல்லாது.

அடுத்து எல்லைகள். சிஎல்எஸ்ஐ கணக்கில், க்ளெப்சியெல்லா சேர்ந்த என்ட்ரோபாக்டெரேல்ஸ் பிரிவுக்கு மெரோபெனெம் 1 வரை எஸ், 2 என்றால் ஐ, 4-லிருந்து ஆர். வளையத்தில் 23-லிருந்து எஸ், 20 முதல் 22 ஐ, 19 வரை ஆர். ஆக 21 மி.மீ.யும் எம்.ஐ.சி. 2-ம் ஒரே ‘ஐ’. யூகாஸ்ட் (ஐரோப்பிய அமைப்பு) கணக்குக்குப் போனால் மூளைக்காய்ச்சல் அல்லாத தொற்றுகளுக்கு 2 வரை எஸ், 8-க்கு மேல்தான் ஆர். வளையம் 22-லிருந்து எஸ், 16-க்குக் கீழே ஆர். அதே கிருமி அங்கே எம்.ஐ.சி.யில் எஸ், டிஸ்க்கில் ஐ. எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கிருமி இப்படித்தான் ஆளைச் சுற்ற வைக்கும்.

இயந்திரம் 2 என்று அளந்துவிட்டு எஸ் என்று ஏன் சொன்னது? நீங்கள் யூகாஸ்ட் அமைப்பில் வைத்திருந்தால் அது சரி. சிஎல்எஸ்ஐ அமைப்பு என்றால், உள்ளே இருப்பது பழைய எல்லையா என்று இன்றைக்கே பாருங்கள். 2010-க்கு முன்பு மெரோபெனெமுக்கு 4 வரை எஸ், 8 ஐ, 16-லிருந்து ஆர். அந்த வருடம் எல்லை இறங்கியது. புத்தகத்தில் மாறியது எல்லா இயந்திரத்துக்குள்ளும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது.

இரண்டாம்வருடம் (செவ்வாய், காலை 10.10)

மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. எம்.ஐ.சி. ஏன் எப்போதும் 1, 2, 4 என்றே வருகிறது? உண்மையான அளவு 2.7 என்றால் 2.7 என்று சொல்ல ஒரு முறையும் இல்லையா? ‘எண்’ என்று இவ்வளவு நம்புகிறோமே.

குழி96 (செவ்வாய், காலை 10.45)

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

பிராத் (திரவ ஊடகம்) மைக்ரோடைலூஷனில் 96 குழித் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போகிறோம். எல்லாக் குழியிலும் ஒரே அளவு கிருமி, மி.லி.க்கு சுமார் 5 லட்சம். இரவு முழுக்க 35 டிகிரியில் வைத்துவிட்டுக் காலையில் தட்டைத் தூக்கிப் பார்த்தால், வளர்ந்த குழிகளின் அடியில் வெள்ளைப் பொத்தான் மாதிரி வண்டல் தெரியும். எந்தக் குழியிலிருந்து தெளிவாகிறதோ அந்தக் குழியின் அடர்த்தி எம்.ஐ.சி. ‘எம்.ஐ.சி. 4’ என்றால், 2 இருந்த குழியில் வளர்ந்தது, 4 இருந்த குழியில் வளரவில்லை, அவ்வளவுதான். உண்மை 2.1 ஆகவும் இருக்கலாம், 3.9 ஆகவும் இருக்கலாம்.

அதோடு, அதே கிருமியை அதே கையால் மறுநாள் செய்தால் ஒரு குழி மேலேயோ கீழேயோ நகர்வது சகஜம். மற்ற முறைகளை எடைபோடும் ஒப்பீட்டு முறையான இதிலேயே அதைத் தப்பாக எண்ணுவதில்லை. அதனால்தான் ஒரு புதிய முறையைச் சோதிக்கும்போது, ஒரு நீர்த்தல் மேலே கீழே வந்தாலும் ‘ஒத்துப்போகிறது’ என்று கணக்கு வைக்கிறார்கள். 2 என்று வந்த கிருமி நாளைக்கு 1 என்றும் வரலாம், 4 என்றும் வரலாம். சிஎல்எஸ்ஐ எல்லையில் அது எஸ், ஐ, ஆர் மூன்றையும் தொட்டுவிடும்!

வளையத்திலும் இதே ஆட்டம் உண்டு, மி.மீ. கணக்கில். ‘எண் துல்லியம், வளையம் நிழல்’ என்று தானியங்கி சொன்னதை இதனால்தான் நான் ஏற்கவில்லை. இரண்டுமே சம அளவு மங்கல். வளையத்தின் மங்கல் கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணின் மங்கல் தெரிவதில்லை.

தானியங்கி (செவ்வாய், மதியம் 12.20)

சரி, இந்தக் கேசில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா முறையும் ஒன்றுதான் என்று முடித்துவிடாதீர்கள். கோலிஸ்டின் என்ற மருந்துக்கு டிஸ்க் வைத்து ரிப்போர்ட் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதையும் ‘கையின் தப்பு’ என்பீர்களா?

குழி96 (செவ்வாய், மதியம் 1.40)

இல்லை. அது முறையின் தப்பேதான். முறைகள் உண்மையிலேயே பிரியும் இடங்கள் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் மருந்தையும் கிருமியையும் பொறுத்தவை.

கோலிஸ்டின் மூலக்கூறு பெரியது, அகாரில் நகராது. நல்ல கிருமிக்கும் கெட்ட கிருமிக்கும் வளைய வித்தியாசமே ஓரிரு மி.மீ.தான். ஸ்ட்ரிப்பும் அகாரில் பரவுவதை நம்பியதுதான், அதனால் எம்.ஐ.சி.யைக் குறைத்துக் காட்டிவிடும். எதிர்ப்புள்ள கிருமியை எஸ் என்று விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பிழை. சிஎல்எஸ்ஐயும் யூகாஸ்டும் சேர்ந்து 2016-இல், பிராத் மைக்ரோடைலூஷன் மட்டுமே ஒப்பீட்டு முறை என்றன. அதிலும் சிக்கல் உண்டு: கோலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க ஒரு சோப்புத்தன்மைப் பொருளைச் சேர்த்தால் அதுவே கிருமியைத் தொந்தரவு செய்து எம்.ஐ.சி.யை இறக்கிவிடும். ஆகவே சாதாரண பாலிஸ்டைரீன் தட்டு, எதுவும் சேர்க்காத பிராத், சல்ஃபேட் உப்பு என்று முடிவானது.

96 குழித் தட்டு இல்லாத லேபுக்கு ஒரு சுலபமான வழி பின்னால் வந்தது. நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 10 மி.லி. பிராத். கோலிஸ்டின் 10 மைக்ரோகிராம் டிஸ்க்கை ஒன்றில் எதுவும் போடாமல், அடுத்ததில் 1, அடுத்ததில் 2, கடைசியில் 4 என்று போட வேண்டும். அரை மணி நேரம் வைத்தால் மருந்து கரைந்து மி.லி.க்கு 0, 1, 2, 4 மைக்ரோகிராம் ஆகிவிடும். அப்புறம் கிருமியைச் சேர்த்து இரவு முழுக்க வைக்க வேண்டியதுதான். அகாரில் பரவ மாட்டேன் என்று அடம்பிடித்த அதே டிஸ்க் திரவத்தில் சமர்த்தாகக் கரைகிறது.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு வான்கோமைசினும் அப்படித்தான். எம்.ஐ.சி. 1 உள்ளதற்கும் 4 உள்ளதற்கும் டிஸ்க்கில் வித்தியாசம் தெரியாது. முழுசாக 24 மணி நேரம் வைத்து எம்.ஐ.சி.தான் பார்க்க வேண்டும். டாப்டோமைசினுக்குக் கால்சியம் வேண்டும், லிட்டருக்கு 50 மி.கி. வழக்கமான பிராத்தில் அதில் பாதிதான் இருக்கும், அப்படியே செய்தால் நல்ல கிருமிக்கும் எம்.ஐ.சி. ஏறிக் காட்டும். ஃபாஸ்ஃபோமைசினோ பிராத்திலேயே சரியாக வராது, குளுகோஸ்-6-பாஸ்பேட் சேர்த்து அகாரில் நீர்த்துச் செய்வதுதான் ஒப்பீட்டு முறை. பார்த்தீர்களா, அங்கே ‘தங்க முறை’ என்று நாம் கும்பிடும் பிராத்தே தோற்றுவிடுகிறது.

பிளேட்அக்கா (செவ்வாய், மாலை 6.15)

குழி96 சார், எதிர்ப்பக்கத்தையும் சொல்லுங்கள். பிளேட்டில் மட்டும் கண்ணுக்குப் படுகிற விஷயங்கள் இருக்கின்றனவே.

எரித்ரோமைசின் டிஸ்க்கையும் கிளிண்டாமைசின் டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சில ஸ்டஃபைலோகாக்கஸில் கிளிண்டாமைசின் வளையம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி நிற்கும். எரித்ரோமைசின் பட்டதும் கிருமி எதிர்ப்பை முடுக்கிவிடுகிறது என்று அர்த்தம். கிளிண்டாமைசினைத் தனியாகச் சோதித்தால் எஸ் என்றே வரும். (இப்போது இதற்கென இரண்டு மருந்தும் கலந்த குழி வைத்த அட்டைகள் உண்டு, தானியங்கி கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

வளையத்துக்குள்ளே குண்டூசி முனை மாதிரி நாலைந்து காலனி. நிறைய பேர் அதை விட்டுவிட்டு வெளி விளிம்பை அளப்பார்கள். கூடாது. அது கலப்படமா, இல்லை அதே கிருமியின் எதிர்ப்புள்ள கூட்டமா என்று எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அதே கிருமிதான் என்றால் வளையம் இருப்பதாகவே எண்ணக்கூடாது. இயந்திரத்துக்குள் இது கலங்கலாக மட்டும் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. இரண்டு கிருமி கலந்து போயிருந்தாலும் இயந்திரம் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பியூரிட்டி பிளேட் (ஒரே கிருமிதானா என்று பார்க்கும் தட்டு) போடாமல் ரிப்போர்ட் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

புரோட்டியஸ் வளையத்துக்குள் மெல்லிய திரை மாதிரி படரும். அதை மட்டும் கண்டுகொள்ளாமல் அளக்கலாம்.

வார்டுபக்கம் (செவ்வாய், இரவு 9.00)

உங்கள் பேச்சை ரசித்துப் படித்தேன். நான் போனின் இந்தப் பக்கம் இருப்பவன், அதனால் இரண்டு விஷயம்.

ஒன்று, ‘ஐ’ என்று எழுதி அனுப்புகிறீர்கள். எங்களில் பாதிப் பேர் அதை ‘லேபுக்கே தெரியவில்லை’ என்று படிக்கிறோம். மீதிப் பேர் ஆர் என்று எடுத்துக்கொண்டு வேறு மருந்துக்குத் தாவுகிறோம். இரண்டு, செப்சிஸ் நோயாளிக்கு நாளை மறுநாள் வரும் துல்லியத்தைவிட இன்று மாலை வரும் தோராயம் மேல். எந்த முறை அதிகச் சரி என்று நீங்கள் பேசுகிறீர்கள். எது முதலில் வரும் என்பதுதான் என் கேள்வி.

குழி96 (செவ்வாய், இரவு 10.20)

‘ஐ’ குழப்பத்துக்கு நாங்களும் காரணம், டாக்டர். யூகாஸ்ட் 2019-இல் அதன் பொருளையே மாற்றியது. இப்போது அங்கே ‘ஐ’ என்றால், மருந்து கூடுதலாகப் போய்ச் சேர்ந்தால் வேலை செய்யும் என்று பொருள்: டோஸைக் கூட்டுவது, சொட்டுச் சொட்டாக நீண்ட நேரம் கொடுப்பது, இல்லை சிறுநீர் மாதிரி மருந்து தானே குவிகிற இடம். ‘தெரியவில்லை’ என்பதற்குத் தனியாகத் தொழில்நுட்ப ஐயப் பகுதி என்று சில மருந்துகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சிஎல்எஸ்ஐயின் ‘ஐ’யில் இரண்டும் கலந்தே இருக்கிறது, சோதனை ஆட்டத்துக்கு விடும் இடைவெளி உட்பட. ரிப்போர்ட்டில் எந்த ‘ஐ’ என்று ஒரு வரி எழுதுவது எங்கள் கடமை.

வேகத்துக்கு வந்தால், இங்கே ஒரு வேடிக்கை. டிஸ்க்கே ஓடி வந்து ஜெயிக்கிறது. பாசிட்டிவ் ஆன ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலிருந்து 125 மைக்ரோலிட்டர் எடுத்து, காலனிக்குக் காத்திருக்காமல் நேராக முல்லர்-ஹின்டன் தட்டில் பரப்பி டிஸ்க் வைத்துவிடலாம். 4, 6, 8 மணி நேரத்தில் படிக்கலாம். யூகாஸ்டின் துரித முறை இது. ஆனால் அதற்கென்று உள்ள தனி எல்லைகளைத்தான் பார்க்க வேண்டும், 18 மணி நேர அட்டவணையைப் பார்க்கவே கூடாது. கிருமியின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். 4 மணி நேரத்தில் விளிம்பு சரியாகத் தெரியவில்லை என்றால் திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் பொறுக்க வேண்டும், ஊகிக்கக்கூடாது.

ஜீன்தேடி (செவ்வாய், இரவு 11.30)

எல்லோரும் எஸ்ஸா ஐயா என்றே பேசுகிறீர்கள், இந்த க்ளெப்சியெல்லா ஏன் 2-இல் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லையே! சாதாரண க்ளெப்சியெல்லாவுக்கு மெரோபெனெம் எம்.ஐ.சி. 0.125-ஐத் தாண்டாது. 2 என்றால் எஸ்ஸோ ஐயோ, உள்ளே ஏதோ இருக்கிறது. கார்பாபெனெமை உடைக்கும் நொதிகளில் (கார்பாபெனெமேஸ்) கேபிசி, என்டிஎம் இரண்டும் வழக்கமாக எம்.ஐ.சி.யை நன்றாகவே தூக்கிவிடும். ஆக்ஸா-48 வகை இப்படித்தான் எல்லைக்குக் கீழே பதுங்கும்.

அகார்தட்டு, பிசிஆர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எம்சிம் (அந்த நொதி இருக்கிறதா என்று காட்டும் சோதனை) போடுங்கள். 2 மி.லி. டிரிப்டிக் சோயா பிராத்தில் 1 மைக்ரோலிட்டர் லூப் அளவு கிருமி, அதில் ஒரு மெரோபெனெம் டிஸ்க்கை 4 மணி நேரம் ஊற விடுங்கள். அப்புறம் அந்த டிஸ்க்கை எடுத்து, லூப்பை வைத்து குழாய்ச் சுவரில் ஈரத்தை வழித்துவிட்டு, ஈ. கோலை 25922 பரப்பிய தட்டில் வையுங்கள். கிருமி மருந்தைத் தின்றிருந்தால் மறுநாள் ஈ. கோலை டிஸ்க் ஓரம் வரை வளர்ந்திருக்கும். 15 மி.மீ. வரை பாசிட்டிவ், 19-லிருந்து நெகட்டிவ்.

ஜீன் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு, என் பிழைப்பு அதுதான் என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஜீன் கிடைத்தால் நம்பலாம். கிடைக்கவில்லை என்றால், தேடிய ஐந்தாறு ஜீன் இல்லை என்று மட்டுமே பொருள். கிருமிக்குள் மருந்து நுழையும் துளை (‘போரின்’) அடைபட்டு, கூடவே வேறு பீட்டாலாக்டமேஸ் நொதி இருந்தாலும் மெரோபெனெம் எம்.ஐ.சி. ஏறும். பிசிஆர் அங்கே கைவிரித்துவிடும், டிஸ்க் காட்டிக்கொடுத்துவிடும்.

அகார்தட்டு (வியாழன், மதியம் 2.30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். வரிசையாகச் சொல்கிறேன்.

இயந்திரத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். சிஎல்எஸ்ஐ என்றுதான் இருந்தது, ஆனால் மெரோபெனெம் எதிரே ‘எஸ்: 4 வரை’. குழி96 சார் சொன்ன அதே பழைய எல்லை. நிறுவியபோது வைத்தது, அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. பார்த்ததும் என்னுடன் வேலை செய்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எம்சிம் தட்டை இன்று காலை எடுத்தேன். கட்டுப்பாட்டுக்கு வைத்த நெகட்டிவ் கிருமியின் டிஸ்க்கைச் சுற்றி அகலமாக, தெளிவாக ஒரு வளையம். எங்கள் கிருமியின் டிஸ்க்கைச் சுற்றி 11 மி.மீ. ஜீன்தேடி சொன்னது சரி. பிசிஆருக்கு அனுப்பியதில் ஆக்ஸா-48 வகை என்று வந்தது.

பிராத் மைக்ரோடைலூஷன் தட்டு ஒன்று கிடைத்தது, ஆசைக்கு மூன்று தடவை போட்டோம். 2, 1, 2. அதே கிருமி, அதே கை, அதே பிராத். நடுவில் வந்த 1-ஐ மட்டும் பார்த்திருந்தால் நானும் நிம்மதியாக எஸ் என்று எழுதியிருப்பேன்.

வார்டுக்கு ‘ஐ, எம்.ஐ.சி. 2, கார்பாபெனெமேஸ் உள்ளது’ என்று எண்ணோடு சேர்த்து அனுப்பினோம். டாக்டர் இந்த முறை திட்டவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்.

தானியங்கி (வியாழன், மாலை 5.10)

என் வாயை அடைத்துவிட்டீர்கள். இருந்தாலும் ஒன்று. எங்கள் லேபில் இயந்திரத்தை டிஸ்க்கோடு ஒப்பிட்டு 100 கிருமி பார்த்தோம், 99 ஒத்துப்போனது. அது கணக்கில் இல்லையா?

குழி96 (வியாழன், மாலை 6.00)

அந்த 100-இல் ஆர் எத்தனை?

தானியங்கி (வியாழன், மாலை 6.25)

...மூன்று.

குழி96 (வியாழன், மாலை 6.50)

ஒத்துப்போகாத அந்த ஒன்று மூன்றில் ஒன்றா? அப்படியென்றால் ஆர் கிருமியை எஸ் என்று விடும் பிழை உங்களுக்கு 33 சதவீதம். அந்தப் பிழையை ஆர் கிருமிகளை மட்டும் கீழே வைத்துத்தான் வகுக்க வேண்டும். நல்ல கிருமிகளை 97 சேர்த்துக்கொண்டால் எந்த முறையும் 99 வாங்கிவிடும். மூன்று ஆர் கிருமியை வைத்துக்கொண்டு முறையைக் குறை சொல்லவும் முடியாது, புகழவும் முடியாது. சேமித்து வைத்திருக்கும் ஆர் கிருமிகளையும், எல்லைக்கோட்டுக்காரர்களையும் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

அகார்தட்டு (வியாழன், இரவு 8.15)

எங்கள் பழைய எல்லையில் போன ரிப்போர்ட்களைத் தேட ஆரம்பித்திருக்கிறோம். மெரோபெனெம் எஸ் என்று போனவை ஆயிரக்கணக்கில் இருக்கும். எங்கிருந்து தொடங்குவது?

பிளேட்அக்கா (வியாழன், இரவு 8.30)

எம்.ஐ.சி. 4 என்று வந்தவற்றை முதலில் எடுங்கள். இயந்திரம் அவற்றுக்கும் எஸ் போட்டிருக்கும், இப்போதைய கணக்கில் அவை ஆர். அப்புறம் 2. 1-உம் அதற்குக் கீழே உள்ளவையும் இப்போதைக்கு இருக்கட்டும்.